மின்கம்பத்துச் சக்கரவர்த்தி

ஷுப்ராவின் மின்கம்பங்களில்
வாத்தியார்கள்தான் குடியிருக்கிறார்கள்.
'கணிதச் சக்கரவர்த்தி' என்கிறது ஒரு சுவரொட்டி,
கோட்டுப் போட்டு, கை கட்டி, கிரீடம் வைத்து.
அடுத்தவர் 'வடிவியலின் திமிங்கலம்'.
அவருக்கும் கீழே கிழிந்துபோன ஒருவர்,
மூக்குக்கு மேலே மட்டும் மிச்சம்.
எந்த நாட்டுக்கு அரசரோ.

அறுபதுக்குப் பதினொன்று வாங்கிய தாளை
நாலாக மடித்து
ரொட்டிப் பைக்கு அடியில் வைத்திருந்தாள் ருகையா.
இரவுப் பணி முடித்து வந்த பசியில்
நான்தான் எடுத்தேன்.
குவைத்திலிருந்து அவள் அப்பா
ஏழு நிமிடக் குரலஞ்சல் அனுப்பினார்.
'நல்ல ஆளாகப் பார்' என்று நாலு தடவை.
எவ்வளவு ஆகும் என்று ஒரு தடவையும் இல்லை.

முதலில் சக்கரவர்த்தியிடம் போனோம்.
கல்யாணக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்.
முந்நூறு பிள்ளைகள், ஒரு மைக்கு.
'மைனஸ் இன்டு மைனஸ்?' என்று அவர் கத்த
'பிளஸ்!' என்று கட்டடமே கத்தியது.
ருகையாவும்தான்.
படியிறங்கும்போது கேட்டேன்: ஏன் பிளஸ்?
'எல்லாரும் அப்படித்தான் கத்தினார்கள்.'

திமிங்கலத்துக்கு இரண்டு மாத முன்பணம்.

அவளுடைய வகுப்பாசிரியர் ஸஃப்வத்,
பள்ளியில் கரும்பலகையோடு மட்டும் பேசுகிறவர்,
மாலையில் சொந்த வீட்டில்
பிள்ளைகளோடு பேசுகிறாராம்.
அந்தக் குரலுக்குத் தனி விலை.
எனக்கு வந்த கோபம்
அவர் வீட்டு வாசல் வரைக்கும்தான் இருந்தது.
கதவு திறந்தவரின் சட்டைக் காலர்
பிரித்துத் திருப்பித் தைத்தது.

டயாலிசிஸ் பிரிவில் மூன்றாம் படுக்கைக்காரர்
ஒரு பெண்ணைச் சொன்னார்,
பொறியியல் படிக்கிறாள், லமீஸ் என்று.
நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறவர்
பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன்.
பிறகு தெரிந்தது, அவருக்கு அவள் மருமகள் முறை.

ஐந்தாம் மாடி.
லிஃப்ட் இல்லை, லிஃப்டுக்குத் தோண்டிய குழி உண்டு.
லமீஸுக்கு இருபது வயது, பாதி உரிந்த நகப்பூச்சு.
சான்றிதழ் கேட்க நான் வாயெடுப்பதற்குள்
அவள் பரீட்சைத் தாளைக் கேட்டாள்.
நாலு மடிப்பும் பிரிந்தது.
பதினொன்றைப் பார்க்கவில்லை.
அழித்து எழுதிய இடங்களையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
'முதலில் எழுதியது சரிதானே, ஏன் அடித்தாய்?'
என் மகள் என்னைப் பார்த்தாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பேரம் எனக்கு வராது, மீன்காரனிடமும் வராது.
அவளுக்கும் வரவில்லை.
நான் கூட்ட, அவள் குறைக்க,
இருவருக்கும் வெட்கம் வந்த இடத்தில்
நின்றுகொண்டோம்.

வியாழன், ஏழு மணி.
அவர்கள் உள்ளறையில், நான் கூடத்து சோபாவில்.
லமீஸின் தம்பி பந்தாட்டம் பார்க்கிறான்,
சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு,
சூரியகாந்தி விதையைக்கூட
வாயில் ஊறவைத்து உடைத்தபடி.
கதவுக்குப் பின்னால் என் மகளின் குரல்
எதையோ மறுத்துப் பேசுகிறது.
வீட்டில் நான் கேட்டிராத குரல்.
என்ன சொல்கிறாள் என்று கவனிக்கத்தான்
கண்ணை மூடினேன்.

விழித்தபோது திரையில் ஒருவன்
சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான்.
தம்பி இரண்டு கையையும் தூக்கி
வாயை முழுதாகத் திறந்து
ஓசையே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தான்.
யாரோ என்மேல் போர்த்தியிருந்தார்கள்.
மணி எட்டேகால்.
உள்ளே இன்னும் முடியவில்லை.

ஒரு மணி நேரத்துக்குத்தானே பேச்சு என்று எழுந்தவள்
மறுபடி உட்கார்ந்தேன்.